உள்பக்க நாற்காலி

பஸ் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்குவதற்குள் பெரியவள் இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டாள். ஜன்னலோரம் குளிர்காற்று அடிக்கிறது என்று நடுவில் வந்தாள். அந்த ஜன்னல் திறக்கவே முடியாத வகை. நடுவில் தலை சுற்றுகிறது என்று முன்னால் போனாள். முன்னால் டிரைவர் கண்ணாடியில் தன்னையே பார்க்கிறார் என்று பின்னால் வந்தாள். கடைசி வரிசை முழுவதும் காலை நீட்டிக் கிடந்த பீரோ ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"பெருசு, உனக்கு ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்காங்க. நீ பஸ் முழுக்க உக்காந்துட்டே."

பீரோவுக்கு அந்தப் பெயர் அவன் வாத்தியத்தால் வந்தது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், ராட்சத வயலின் போன்ற டபுள் பேஸ். விமான நிலையத்தில் அதன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்த சோதனை அதிகாரி, உள்ளே எத்தனை தட்டு இருக்கிறது என்று கேட்டாராம். கூட இருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

இசைப் பள்ளியின் மாணவர் வாத்தியக் குழு முதல் முறையாக வெளிநாடு வந்திருந்தது. ஊர் ஊராக மூன்று கச்சேரி, நடுவில் ஒரு நாள் மலை. அப்படித்தான் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். வந்து பார்த்தால் கச்சேரி இரண்டு முடிந்தும் மலை தென்படவில்லை. விடுதி அறையின் சுவரில் மாட்டியிருந்த படத்தில் மட்டும் நீல வானத்தின் கீழே பளிச்சென்று நின்றது. ஜன்னலைத் திறந்தால் சாம்பல் நிற மேகம். இன்றைக்குப் பகலில் மலை, மாலையில் கடைசிக் கச்சேரி, நாளைக் காலையில் விமானம் ஏறப் பயணம்.

பெரியவளுக்கு மலை முக்கியமில்லை. இன்று மாலையோடு அவளுக்கு இந்தக் குழு முடிகிறது. ஊர் திரும்பியதும் மாமா வேலை பார்க்கும் துணிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர வேண்டும். வயலின் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுப் பரணில் பழைய குக்கருக்கும் மடக்கு நாற்காலிக்கும் நடுவில் அதற்கு இடம் இருக்கிறது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய புகார் இல்லை. அதற்கு முன் ஒரே ஒரு தடவை வெளிப்பக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். அவ்வளவுதான். அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் பஸ் முழுக்க நகர்ந்துகொண்டிருந்தாள்.

வாத்தியக் குழுவில் வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, ஸ்டாண்டில் ஸ்வரங்கள் எழுதிய ஒரே ஒரு தாள்கட்டு. சபைப் பக்கம் இருப்பது வெளி நாற்காலி, மறுபக்கம் இருப்பது உள் நாற்காலி. பக்கம் முடியும்போது உள்ளே இருப்பவர் வாசிப்பதை நிறுத்தி, கையை நீட்டித் தாளைத் திருப்ப வேண்டும். வெளியே இருப்பவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போக வேண்டும். எந்த ஊர் மேடையிலும் இதுதான் வழக்கம். முதல் ஸ்டாண்டின் வெளி நாற்காலிக்காரர் மொத்தக் குழுவுக்கும் தலை. அந்த நாற்காலியில் இருந்தது சின்னவள், அவளுடைய சொந்தத் தங்கை. உள் நாற்காலியில் அவள்.

இதில் அநியாயம் எதுவும் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன், முன்னால் நின்று குச்சியை அசைத்துக் குழுவை நடத்தும் குச்சி சார் எல்லோரையும் திரைக்குப் பின்னால் நிற்க வைத்து, யார் என்று தெரியாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சின்னவள் முதலாக வந்தாள், பெரியவள் இரண்டாவது. ஒரே வீட்டுப் பிள்ளைகள், வில் ஒன்றுபோல் போகும் என்று சார் சந்தோஷப்பட்டார். அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம். பக்கத்தில் நீ இருந்தால் அவள் பயப்பட மாட்டாள் என்றாள். அன்றிலிருந்து பெரியவள் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். எந்தத் தாளாக இருந்தாலும் வலப்பக்கத்தின் கடைசி வரியில் பாதியை அவள் வாசித்ததே இல்லை. அந்த இடங்களில் அவள் கையில் இருந்தது காகிதம்.

அதிலும் இந்தப் பயணத்துக்குச் சார் தேர்ந்தெடுத்த பெரிய உருப்படியில், மெதுவாகப் போகும் இரண்டாம் பாகத்தில், எல்லோரும் அடங்கிப்போய் ஒற்றை வயலின் மட்டும் பாடும் ஓர் இடம் வருகிறது. அரை நிமிஷம்கூட இருக்காது. சரியாக ஒரு பக்கத்தின் தலையில் அது ஆரம்பிக்கும். பெரியவள் திருப்புவாள். திருப்பிய தாளில் சின்னவள் அதை வாசிப்பாள். பெரியவள் வயலினை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். நன்றாகத்தான் இருக்கும். கேட்கக் கேட்கக் கால் தானாக ஆடும்.

"அக்கா, காலை ஆட்டாதே. சீட்டே ஆடுது" என்றாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்த சின்னவள், அரைத் தூக்கத்தில்.

ரோப் காரில் ஏறும் இடத்தில் டிக்கெட் கிழிப்பவர் கையை விரித்து, மேலே ஒன்றும் தெரியாது என்று சைகையில் சொன்னார். கட்டின காசுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றார் குச்சி சார். அவருக்கு உயரம் என்றால் ஆகாது. கண்ணாடிப் பெட்டி தரையை விட்டுக் கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் காற்றில் தாளம் போட ஆரம்பித்தார். பைன் மரங்களின் நுனி காலுக்குக் கீழே போயிற்று. பிறகு மரங்களும் இல்லை. பெட்டி பால் டம்ளருக்குள் விழுந்த மாதிரி வெள்ளைக்குள் போய்விட்டது.

உச்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த உணவகமும், அதற்கு வெளியே கம்பி வேலி போட்ட மேடையும் இருந்தன. மேடையில் காசு போட்டுப் பார்க்கும் தொலைநோக்கி. அடுத்தடுத்துள்ள சிகரங்களின் பெயரும் உயரமும் பலகையில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது. அம்பு காட்டிய திசையில் எல்லாம் மேகம். பீரோ தொலைநோக்கியில் காசு போட்டுக் கண்ணை வைத்து, நேரம் முடிந்து மூடி விழும்வரை நகரவே இல்லை.

"என்னடா தெரியுது?"

"வெள்ளை. ஆனா ரொம்ப கிட்டத்துல தெரியுது."

மற்றவர்கள் உள்ளே சூப்புக்கு வரிசையில் நின்றார்கள். பெரியவள் உட்காராமல் கம்பி ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, திரும்ப இந்தக் கோடி. போன் அடித்தது. அம்மா. சின்னவள் சாப்பிட்டாளா, குல்லாய் போட்டிருக்கிறாளா, மேலே காற்று அடித்தால் அவளுக்குக் காது வலிக்குமே, பஞ்சு எடுத்துப் போனாயா என்று கேட்டாள். பஞ்சு பெரியவளின் கோட்டுப் பையில் இருந்தது. இருக்கிறது என்றாள். நீ பார்த்துக்கொள்வாய் என்று தெரியும் என்று சொல்லி அம்மா போனை வைத்தாள்.

கையில் சூப்போடு சின்னவள் வந்தாள். இரண்டு கப். ஒன்றை அக்காவிடம் நீட்டினாள். மேகத்துக்கு முன்னால் நின்று போனைத் தூக்கித் தன்னைப் படம் எடுத்துக்கொண்டாள். பின்னால் எதுவும் இல்லாததால் வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்று எடுத்த மாதிரி வந்தது.

"சாயந்திரம் நான் வெளிய உக்காரட்டுமா?" என்றாள் பெரியவள்.

கேட்க நினைத்த விதமே வேறு. காலையிலிருந்து மனதுக்குள் கட்டி வைத்திருந்த முன்னுரை முழுவதும் காற்றோடு போய், சாமான் வாங்கப் போகட்டுமா என்பதுபோல் வந்து விழுந்தது.

சின்னவளுக்கு உடனே புரியவில்லை. "வெளியன்னா? மண்டபத்துக்கு வெளியவா?"

"உன் நாற்காலில. கடைசிக் கச்சேரி. ஒரு தடவை."

சின்னவள் சூப்பை ஊதினாள். ஒரு வாய் குடித்தாள். "உக்காரேன்" என்றாள். "இதுக்கா பஸ்ல அப்படி ஆட்டம் போட்டே? கேட்டிருந்தா முதல் நாளே குடுத்திருப்பேனே."

அதுதான் பெரியவளைக் குத்தியது. மறுத்திருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம். நான்கு வருஷத்துக்கும் சேர்த்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இவள் என்னவோ பேனா கடன் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டாள். கையில் இருந்த கனம் திடீரென்று இறங்கிப்போனால் கை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்குமே, அப்படி இருந்தது.

"அந்த சோலோவும் நான்தான் வாசிப்பேன்" என்றாள், கொஞ்சம் கடுமையாகவே.

"பின்ன? அந்த சீட்ல இருக்கவதான் வாசிக்கணும். வா, சார்கிட்ட சொல்லிடலாம்."

சார் கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டி, பள்ளம் கண்ணில் படாதபடி உட்கார்ந்திருந்தார். சின்னவள்தான் பேசினாள். அவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்தார். கடைசி நேரத்தில் முதல் ஸ்டாண்டில் கை வைப்பது கட்டின வீட்டில் வாசலை மாற்றுகிற மாதிரி என்றார். பிறகு பெரியவளைப் பார்த்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

"சோலோ வருமா உனக்கு?"

"தினமும் கேக்கறேன் சார்."

"கேக்கறது வேற."

"தினமும் வாசிக்கவும் வாசிக்கறேன் சார். வீட்ல. குளியலறையில."

சார் சிரிக்கவில்லை. மண்டபத்துக்குச் சீக்கிரமே போய், கதவு திறப்பதற்கு முன் இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்து ஒரு முறை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும், சரியாக வந்தால் பார்க்கலாம் என்றார். அது சரி என்று சொன்னதற்குச் சமம்.

ஆனால் கீழே இறங்கும் ரோப் கார் பாதியில் நின்றது. காற்று பலமாக அடித்தால் அப்படி நிறுத்துவார்களாம். ஒலிபெருக்கியில் ஒரு குரல் அவர்களுக்குத் தெரியாத மொழியில் நிதானமாக ஏதோ சொல்லிற்று. நிதானமாகச் சொன்னதே எல்லோருக்கும் பயத்தைக் கொடுத்தது. பெட்டி மேகத்துக்குள் தொங்கியபடி மெல்ல ஆடியது. சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பீரோ அவர் தலைக்கு மேல் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

பெரியவளுக்கு விழுந்துவிடுவோம் என்ற பயம் வரவே இல்லை. நேரம் போகிறதே என்ற பயம்தான். கைப்பிடிக் கம்பியை வயலின் கழுத்தாகப் பாவித்து, இடது கை விரல்களால் சோலோவை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் முதலிலிருந்து. சின்னவள் பக்கத்தில் நின்று விரல்களையே பார்த்தாள்.

"அங்க மூணாவது விரல் போடு. ரெண்டாவது போட்டா அடுத்த ஸ்வரத்துக்குத் தாவ வேண்டியிருக்கும்."

"தாவிக்கறேன்."

"மூணாவது போடேன்."

மூன்றாவது போட்டாள். சுலபமாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கீழே வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. பஸ்ஸுக்குள்ளேயே போர்வையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் உடை மாற்றினார்கள். மண்டபத்தின் வாசலில் சனங்கள் ஏற்கெனவே கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையிலேயே கொண்டுவந்து வைத்த வாத்தியங்களை எடுத்துச் சுருதி சேர்க்கத்தான் நேரம் இருந்தது. பெரியவள் சாரின் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று வில்லை எடுக்காமல் நின்றாள். சார் இன்னும் மலையிலிருந்து முழுதாக இறங்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போய் உக்காருங்க, எப்படியோ உக்காருங்க" என்றார்.

வெளி நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்கு முதலில் உறைத்தது வெளிச்சம். உள் நாற்காலிக்கும் இதற்கும் ஒரு முழ தூரம்தான். அங்கே சின்னவளின் தோள் நிழல் விழும். இங்கே எதுவும் விழவில்லை. முதல் வரிசையில் ஒருவர் தும்மியது தன்மேலேயே தும்மியதுபோல் இருந்தது.

முதல் பாகம் பதற்றத்தில் ஓடியது. ஒவ்வொரு பக்கம் முடியும் முன்பும் பெரியவள் ஓரக்கண்ணால் தங்கையைப் பார்த்துத் தலையை அசைத்தாள். சின்னவள் ஞாபகம் வந்து திருப்பினாள். ஒரு முறை இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பி, நாக்கைக் கடித்து, ஒன்றைப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் திருப்பும் அந்த நொடிகளில் பெரியவள் வாழ்க்கையில் முதல் முறையாக வலப்பக்கத்தின் கடைசி வரியை முழுவதும் வாசித்தாள். அடையாளம் தெரியாத இடங்கள். ஒரு பக்கத்தின் முடிவில், மேலே ஏறிக்கொண்டே போன ராகம் சட்டென்று இறங்கி வீடு வந்து சேர்வதுபோல் அடங்கியது. இத்தனை நாள் இது இங்கேயா இருந்தது? தாளின் சரசரப்பில் இதைக் கேட்காமலேயே இருந்திருக்கிறோமே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் அடுத்த வரியின் முதல் ஸ்வரத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்தாள்.

இரண்டாம் பாகம் ஆரம்பித்தது. மெதுவானது. பீரோவின் டபுள் பேஸ் தரைக்குள்ளிருந்து முனகுவதுபோல் கிளப்ப, ஒவ்வொரு வாத்தியமாக வந்து சேர்ந்தது. அதுவரை முறுக்கிக்கொண்டிருந்த பெரியவளின் தோள் இறங்கியது. கால் ஆட்டம் நின்றது. அது நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. வில் தானாகப் போயிற்று. பக்கத்தில் தங்கையின் வில்லும் அதே அளவில் போய் வந்தது. ரிகர்சல் அறை, குழாய் சொட்டும் குளியலறை, எல்லாம் சேர்ந்து ஒரே வாசிப்பாக ஆகிவிட்டது. எந்த நாற்காலி என்பது மறந்துபோயிற்று.

பக்கம் முடிந்தது. மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

பெரியவள் வில்லை இடது கைக்கு மாற்றி, கையை நீட்டி, தாளின் மூலையைப் பிடித்துச் சத்தமே இல்லாமல் திருப்பினாள். நான்கு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக அவள் திருப்பியதில்லை. திருப்பிவிட்டு வயலினை மடியில் இறக்கினாள். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு சோலோவை ஆரம்பித்தாள்.

அழகாக ஆரம்பித்தாள். பெரியவள் வழக்கம்போல் கேட்டாள். கேட்டுக்கொண்டே நிமிர்ந்தபோது, தனக்கும் சபைக்கும் நடுவில் யாரும் இல்லை என்பது தெரிந்தது. முதல் வரிசை ஆட்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வருவது வேறு இடத்திலிருந்து. சாரின் குச்சி பாதிக் காற்றில் நின்றிருந்தது. அவர் புருவம் மட்டும் மேலே போயிருந்தது.

தான் எந்த நாற்காலியில் இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதே நொடியில் சின்னவளும் கண்ணைத் திறந்தாள். தன் வில்லைப் பார்த்தாள், அக்காவின் மடியில் கிடந்த வயலினைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பெரியவள் பார்த்தாள். வில் நின்றது. ஸ்வரம் பாதியில் அறுந்து, மண்டபம் முழுவதும் மௌனம் விழுந்தது.

அந்த மௌனத்துக்குள் பெரியவள் வயலினைத் தூக்கினாள். எப்படித் தூக்கினாள் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அறுந்த ஸ்வரத்துக்கு அடுத்த ஸ்வரம், அங்கே மூன்றாவது விரல். வைத்தாள். மீதியை வாசித்தாள். சின்னவள் வாசிப்பதைவிடக் குரல் கொஞ்சம் கரகரத்தது. அவசரப்படவில்லை. கடைசி ஸ்வரத்தை இழுத்து, அது தேய்ந்து தேய்ந்து போகும்வரை வில்லை எடுக்கவில்லை. சார் அவளுக்காகக் காத்திருந்துவிட்டு மற்றவர்களை உள்ளே அழைத்தார்.

மேடைக்குப் பின்னால், வாத்தியப் பெட்டிகள் குவிந்த அறையில், சின்னவள் மூலையில் போய் நின்று சுவரைப் பார்த்து அழுதாள். பீரோ ஏதோ ஜோக் சொல்லப் போய், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு தன் பீரோவைத் துடைக்க ஆரம்பித்தான்.

"நான் வேணும்னு பண்ணலக்கா. சத்தியமா. கை தானா போயிடுச்சு."

பெரியவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கோபம் வந்தால் தேவலை என்று தேடிப் பார்த்தாள். "நான் மட்டும் வேணும்னா திருப்பினேன்?" என்றாள்.

சின்னவள் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. பிறகு நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெட்டிகளின் நடுவில் சரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சார் உள்ளே வந்தார். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிற மாதிரி அந்த இடத்தைப் பிரித்துக் கொடுத்தீர்களே, யாருக்குத் தோன்றும் என்றாராம்.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?" என்றான் பீரோ.

"தேங்க்ஸ்னு சொன்னேன்" என்றார் சார். "வேற என்ன சொல்லச் சொல்றே?" கதவு வரை போய், பெரியவளைத் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கடைசி ஸ்வரம். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் விட்டிருக்கலாம். ஆனா விடாததும் சரிதான்."

அது பாராட்டா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கிடைத்தது பாதி. முழுசாக வாசித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது இனித் தெரியப் போவதில்லை. அதை நினைத்தால் வலித்தது. ஆனால் பல்லில் மாட்டியது வெளியே வந்த பிறகு நாக்கு அந்த இடத்தையே தேடிப் போகுமே, அந்த மாதிரியான வலி.

மறுநாள் காலை பஸ் கிளம்பியபோது அவள் ஏறிய முதல் சீட்டிலேயே உட்கார்ந்தாள். ஜன்னலோரம். பஸ் வளைவு திரும்புவதற்குள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது.

எங்கோ தூரத்தில் கூச்சல் கேட்டது. மேகம் விலகிவிட்டதாம். மலை தெரிகிறதாம், படத்தில் இருந்த மாதிரியே. எல்லோரும் இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடி வருவதில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரைவர் சத்தம் போட்டார். "பெருசு, எந்திரி, மலை" என்று பீரோ அவள் தோளைத் தொட்டான். சின்னவள் அவன் கையைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்க வேண்டும் என்று பெரியவள் நினைத்தாள். இமை ஒத்துழைக்கவில்லை.

பிறகு சின்னவளின் போன் அடித்தது. அம்மாவின் குரல் போனிலிருந்து வெளியே வரை கேட்டது. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்தாளாம். அக்கா ஏன் உன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. அவதான் வாசிக்கணும்னு இருந்துச்சு, வாசிச்சா." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டாள். "இல்ல, எனக்குக் குளிரல. அவகிட்ட இப்ப குடுக்க முடியாது. தூங்குறா."

கோட்டு ஒன்று பெரியவளின் மேலே வந்து விழுந்தது. அதன் பையில் பஞ்சு உறுத்தியது. அது அவளுடைய கோட்டுதான். வெளியே மலை எப்படி இருந்ததோ, எவ்வளவு நேரம் தெரிந்ததோ. பெரியவள் காலை மடக்கிக்கொண்டு, இன்னும் ஆழமாகத் தூங்கப் போனாள்.